ஈடிபஸைப் படிக்கும் முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தை முதன்முறையாகப் படிக்கப் போகிறீர்களா? முடிவு தெரிந்துவிடுமே என்று தயங்காமல் கதைச்சுருக்கத்தை முதலில் பார்த்துவிடுங்கள். அன்றைய ஏதென்ஸ் பார்வையாளர்களுக்கும் கதை தெரியும். அப்பாவைக் கொன்றவன், அம்மாவை மணந்தவன். மேடையில் நிற்கும் அவனுக்குத்தான் அது தெரியாது.

அப்புறம் கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் பேச்சு அவனையே திருப்பித் தாக்கும் இடங்களில் கோடு போடுங்கள். தனக்கு முன் ஆண்ட லாயஸ் மன்னனைக் கொன்றவனைச் சபிக்கிறான்; அந்த லாயஸ்தான் அவன் அப்பா, கொன்றவனும் அவனேதான். என் சொந்த அப்பாவுக்காகப் போராடுவதுபோல் போராடுவேன் என்கிறான். உண்மை தெரிந்த, பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸைக் குருடன் என்று ஏசுகிறான். பென்சிலுக்கு ஓய்வே இருக்காது.

எனக்குப் பிடித்தது கொரிந்திலிருந்து தூதன் வரும் காட்சி. அம்மாவை மணக்க நேருமோ என்ற ஈடிபஸின் பயத்தைப் போக்கத்தான் அவன் வாயைத் திறக்கிறான்: நீ, உன்னை வளர்த்த கொரிந்து மன்னன் பாலிபஸ் பெற்ற பிள்ளையே இல்லை! ஈடிபஸின் மனைவியும் அம்மாவுமான யொகாஸ்டாவுக்குச் சீக்கிரமே புரிந்துவிடுகிறது. மேலே விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள். இவனோ, தான் அடிமைக்குப் பிறந்திருப்பேனோ என்று அவள் கூசுவதாக நினைத்துக்கொள்கிறான். சரி, அங்கே இரண்டு கோடாகவே போடுங்கள்.