ஓமவல்லி: எத்தனை இலை, எந்த வயதுக்கு, எப்போது நிறுத்துவது

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் முதலில் மொட்டையாவது என் மாடித் தொட்டியில் இருக்கும் ஓமவல்லிதான். கடலூர் முதுநகரில் மழை பிடித்த மூன்றாம் நாளே வீட்டுக்கு ஒரு பிள்ளை மூக்கொழுகிக்கொண்டு நிற்கும். "டீச்சர், நாலு இலை" என்று கீழேயிருந்து குரல் வரும். அங்கன்வாடியில் 28 வருடம் வேலை பார்த்த பழக்கம், "யாருக்கு, எத்தனை மாசம்?" என்று கேட்காமல் நான் பறிக்க மாட்டேன். இலை கேட்டால் இந்தம்மா சென்சஸ் எடுக்கிறார் என்று சிலருக்கு என் மேல் வருத்தம்கூட உண்டு.

கற்பூரவல்லி என்று சொல்வதும் இதைத்தான். அந்தப் பெயரால் ஒரு குழப்பம் வருகிறது. சூடம் ஏற்றுகிற கற்பூரத்துக்கும் இந்தச் செடிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இலையைக் கசக்கி முகர்ந்தால் ஓம வாசனைதான் வரும். ஓமத்தில் இருக்கும் தைமால் என்ற வாசனைப் பொருள் இதிலும் இருக்கிறது, கூடவே அதே மாதிரியான கார்வக்ராலும் இருக்கிறது. இலை கிடைக்காத நாளில் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துக் கைக்குழந்தை நெஞ்சில் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டு வயதுக்குள் கற்பூரமே கூடாது. வாயில் போய்விட்டால் வலிப்பு வரும்.

சரி, இலைக்கு வருவோம். நடுத்தர அளவு இலையாகப் பறியுங்கள். முற்றிய இலையில் காரம் அதிகம், தொண்டையைப் பிடிக்கும். இலை மேல் வெல்வெட் மாதிரி ரோமம் இருப்பதால் தூசியும் மாவுப்பூச்சியும் ஒட்டிக்கொள்ளும். கல் உப்பு போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு பக்கமும் விரலால் தடவிக் கழுவ வேண்டும்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு இலை போதும். தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி, இலையை எண்ணெய் இல்லாமல் போட்டால் முதலில் விறைப்பாக நிற்கும். அரை நிமிடத்தில் பச்சை மங்கி, ஈரத்துணி போலத் துவளும். அப்போது எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் கால் ஸ்பூன் சாறு தேறும். அதோடு அரை ஸ்பூன் தேன், ஒரு ஸ்பூன் வெந்நீர். சாப்பிட்ட பிறகு, நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள். அவ்வளவுதான். பெரியவன் இரண்டு வயதாக இருந்தபோது நான் ஐந்து இலையைப் பச்சையாக இடித்து, சாற்றை வெறும் வயிற்றில் புகட்டினேன். சளி வந்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு குடித்த பால் முழுக்க என் புடவையில் வந்தது. "நல்லதுதானே, சளி கக்கிட்டான்" என்றார் என் மாமியார். குழந்தையின் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும்தான், இலைச்சாறும் கிடையாது. மூக்கில் சாறு விடுவது, எண்ணெய் விடுவது எந்த வயதிலும் வேண்டாம். அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

பால் கொடுக்கும் தாய் சாப்பிடலாமா என்று கேட்பார்கள். ரசத்திலோ பச்சடியிலோ தாராளமாகச் சாப்பிடலாம். வட சுமத்திராவில் பத்தாக் மக்கள் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இந்த இலையில் சூப் வைத்தே கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளும் சமையல் அளவோடு நிறுத்திக்கொண்டால் போதும், தினசரிக் கஷாயம் வேண்டாம். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்கக் கூடாது. தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், பற்றுப் போடுமுன் முழங்கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.

பெரியவர்களுக்குக் கஷாயம்: ஐந்து இலை, நாலு மிளகு, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளராகச் சுண்டியதும் பனங்கற்கண்டு. தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும்.

இதமாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன், குணமாகும் என்று சொல்லவில்லை. இந்த இலையின் எண்ணெய் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளைக் கொல்வது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு நிமோனியாவுக்கே மருந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். நாங்கள் வீடு வீடாகப் போனபோது செய்ததையே நீங்களும் செய்யுங்கள். குழந்தை அழாமல் இருக்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ இலையைக் கீழே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

செடி வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விரல் நீளத் தண்டை ஒடித்து மணல் கலந்த மண்ணில் குத்தினால் இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும். வெயிலில் வைத்தால் இலை சிறுத்து வாசனை ஏறும், நிழலில் இலை அகலமாக வரும், வாசனை மட்டு. இதற்கு எமன் தேங்கும் தண்ணீர்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் என் முதல் செடியைத் தொட்டியோடு தூக்கிப் போனது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொண்டு அடுத்த செடி அழுகிப்போனது. இரண்டு தடவையும் பக்கத்து வீட்டில் நான் ஒடித்துக் கொடுத்திருந்த தண்டிலிருந்துதான் திரும்ப வந்தது. பூனை, நாய் வளர்க்கிறவர்கள் எட்டாத உயரத்தில் வையுங்கள், அவற்றுக்கு இந்த இலை ஆகாது.

மழை விட்டு, சளியும் விட்ட பிறகு பஜ்ஜி போடலாம். கடலை மாவு மூன்று பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம். ஓமம் போட வேண்டாம், இலையே ஓமம்தான். இலையைத் துடைத்து நன்றாக உலர்த்திய பிறகுதான் மாவில் தோய்க்க வேண்டும், ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்.