டாக்டரிடம் போகாமல் சளி, இருமலைப் பார்த்துக்கொள்வது எப்படி, எதுவரைக்கும்?

ஐப்பசி மழை பிடித்தால் போதும், வீட்டுக்கு வீடு மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, ராத்திரி முழுக்க லொக் லொக். டாக்டரிடம் போனால் மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், ஒரு சிரப், ஒரு கேஸ் மாத்திரை, கூடவே ஓர் ஊசி, எதற்கு என்று கேட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார், அதனால் போவதையே விட்டுவிட்டேன் என்று சொல்கிறவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது, பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கால் அதை ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் எழுதிக் கொடுக்கிறார்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. இதற்கப்புறமும் ஒரு அம்மா சிரப் பாட்டிலைச் சந்தேகமாகப் பார்க்கக் கூடாது என்றால் எப்படி?

சந்தேகப்படுங்கள். ஆனால் அதே கண்ணோடு கஷாயத்தையும், வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தையும் பாருங்கள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிற பலரும் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், ‘ரெண்டு வேளைக்கு மாத்திரை கொடுங்க’ என்று கேட்டு, பேப்பரில் மடித்த வெள்ளை, மஞ்சள், ரோஸ் கலர் மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார்கள். அதில் ஸ்டீராய்டு (சட்டென்று நிவாரணம் காட்டும், கண்டபடி விழுங்கினால் உடம்பைக் கெடுக்கும் மருந்து) இருந்தாலும் தெரியாது, உறை இல்லையே. டாக்டரை நம்பாதவர் இதை நம்புவது எந்தக் கணக்கு?

சரி, வீட்டில் என்ன செய்யலாம்.

முதலில் தேன். ராத்திரி இருமலுக்கு, படுக்கப் போகும் முன் ஒரு டீஸ்பூன். இது ஆராய்ச்சியிலும் ஓரளவு தேறிய வைத்தியம், குழந்தைகளுக்கு இருமலைக் கொஞ்சம் குறைத்துத் தூங்க வைக்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்கு மட்டும் ஒரு சொட்டுகூட நாக்கில் தடவக் கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவால் பச்சிளம் குழந்தைக்குப் பாட்யூலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அடுத்து ஆடாதோடை. எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு, காரணம் சொல்கிறேன். இந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது, அதை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள், அது உடம்பில் மாறும்போது கிடைப்பதுதான் ஆம்ப்ராக்சால். அதாவது நீங்கள் வேண்டாம் என்று தள்ளும் சளி சிரப்புக்குப் பூர்வீகம் வேலியோரம் நிற்கும் இந்தச் செடிதான். இரண்டு மூன்று இலையைக் கழுவிக் கிள்ளிப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் பாதியாகும் வரை கொதிக்கவிட்டு, வடிகட்டித் தேன் விட்டுக் குடிக்கலாம். கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம், கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் அதற்கு உண்டு. மருந்து என்றால் வேலையும் செய்யும், வேண்டாத வேலையும் செய்யும், மூலிகைக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. அதிமதுரமும் அப்படித்தான், தொண்டைக்கு இதம், ஆனால் நாள்கணக்கில் மென்றால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும். மிளகு, திப்பிலியை ரசத்தில் போடுவது வேறு, வேளாவேளைக்குப் பொடியாக அள்ளிச் சாப்பிடுவது வேறு. அவற்றில் இருக்கும் பைப்பரின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும்.

தூதுவளையை மருந்தாக நினைக்காமல் சாப்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள். இலையின் அடிப்பக்கம் நடுநரம்பில் சின்னச் சின்ன முள் இருக்கும், கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, நெய்யில் நன்றாகச் சுருள வதக்கி, மிளகு, சீரகம், பூண்டு, புளி வைத்து அரைத்தால் துவையல். வாய்க்கு ருசி இல்லாத நேரத்தில் இரண்டு வாய் சோறு இறங்கும், அதுவே பெரிய விஷயம். சுக்கு மல்லிக் காபி, நாட்டுக்கோழி ரசம், நண்டு ரசம் எல்லாமே இந்தக் கணக்குதான். சூடாக எதையாவது குடித்துக்கொண்டே இருந்தால் தொண்டைக்கு இதம், சளி இளகும்.

கபசுரக் குடிநீர் 15 சரக்கு சேர்ந்த சித்த மருந்து, 2020-ல் கொரோனா வந்தபோது தமிழக அரசே விநியோகித்தது. ஒரு டீஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, கால் டம்ளராக வற்றவைத்து, சூடு ஆறுவதற்குள் குடிக்க வேண்டும். வாங்கும்போது பாக்கெட்டில் உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ‘பக்க விளைவே இல்லாத நாட்டு மருந்து’ என்று எழுதிய பெயர் தெரியாத பொடி ஒரே வேளையில் வீசிங்கை நிறுத்துகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், ஸ்டீராய்டு கலந்த பொடியாக இருக்கலாம்.

ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், மூக்கடைப்பு கொஞ்ச நேரம் விடும், நோயைக் குறைக்காது. பாத்திரத்தைத் தரையில் அசையாமல் வைத்து நீங்கள் குனிய வேண்டும், மடியிலோ கட்டிலிலோ வைக்கக் கூடாது. நொச்சி இலை, மஞ்சள்தூள் போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம் போதும். சின்னக் குழந்தையைப் போர்வைக்குள் இழுத்து உட்கார வைக்காதீர்கள், தொடை வெந்து ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு நிமோனியா. சூடம் கரைத்த எண்ணெயை நெஞ்சிலும் மூக்கிலும் தேய்ப்பது வேண்டாம், சூடம் பச்சைக் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் விற்கும் பாலில் சளிக்கு மருந்து எதுவும் இல்லை, காய்ச்சாத பாலில் வரக்கூடிய கிருமிதான் உண்டு. தொட்டில் பக்கம் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். அடைத்த மூக்குக்குக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். சிரப்பா? இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்தே கொடுக்காதீர்கள் என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது, ஆக அந்தச் சந்தேகத்தில் நீங்களும் அவர்களும் ஒரே பக்கம்.

எத்தனை நாள் பொறுப்பது? சளி ஒரு வாரம், பத்து நாளில் போகும், இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம்கூட இழுக்கும். சளி பச்சையாக வந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதில்லை. நிறத்தைப் பார்ப்பதைவிட மூச்சைப் பாருங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் கஷாயத்தை ஓரம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பெரியவர்களுக்கு, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாமை, உதடு நீலம் பாய்வது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே, வயதானவர் திடீரென்று உளறுவது, சளியில் ரத்தம், விட்ட காய்ச்சல் திரும்ப வருவது, இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். மூச்சு முட்டினால் யோசிக்காமல் 108.

சளிக்குப் பின் இருமல் இழுப்பது சகஜம் என்றாலும், இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோயோ என்று பார்க்க அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம், கசாயத்தில் அது கரையாது. இழுப்பு உள்ளவர்கள் ‘இன்ஹேலர் பழகிடும்’ என்று பயந்து மாத்திரை போடுவார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், இன்ஹேலர் ஒரு அழுத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மருந்தைக் கண்டு பயம் என்றால் இன்ஹேலர்தான் உங்களுக்கு ஏற்றது.

போகத்தான் வேண்டியிருந்தால் மூன்று கேள்வியோடு போங்கள்: இது வைரஸா, பாக்டீரியாவா? இந்த ஆன்டிபயாடிக் எதற்கு? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? பதில் சொல்லாதவரிடம் மறுபடி போக வேண்டியதில்லை, வேறு டாக்டரைப் பாருங்கள். இதுவரை வீட்டில் குடித்த கஷாயம், பொடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் அந்தப் பாக்கெட்டையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.