எட்டு, எழுபத்தைந்து: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை கேமிங் பிசி ஆக்குவது எப்படி?

கேமிங் பிசி வேண்டும் என்று வாய் திறந்தாலே கடைக்காரர் அறுபதாயிரத்தில் பேச்சை ஆரம்பிப்பார். என்னிடம் அதில் பாதிகூட இல்லை. அதனால் சென்னை ரிச்சி தெருவில் பளபளவென்று கலர் விளக்கு எரியும் கடைகளைத் தாண்டி உள்சந்துக்குப் போனேன். அங்கே கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிட்ட கறுப்புப் பெட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். டெல், எச்பி, லெனோவா எல்லாம் இருக்கும். யாரோ ஒருவர் ஐந்து வருடம் எக்செல் ஷீட் மட்டுமே பார்த்த பெட்டி. அதில்தான் இப்போது நான் ராத்திரி டோட்டா விளையாடுகிறேன்.

இந்த வேலைக்கு இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: 8, 75. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

படி 1: கேமை முதலில் முடிவு செய்யுங்கள்

பெட்டியை வாங்கிவிட்டு என்ன ஓடும் என்று தேடாதீர்கள். விளையாட நினைக்கும் கேம்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 மூன்றும் இலவசம், மூன்றும் இந்தப் பெட்டியில் ஓடும். 2015-இல் பிசிக்கு வந்த ஜிடிஏ 5, விட்சர் 3 ஓடும். ஹாலோ நைட், ஸ்டார்ட்யூ வேலி மாதிரி சின்ன கேம்களுக்கு இது தாராளம்.

ஓடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வசதி உள்ள கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம். செட்டிங்கை எவ்வளவு இறக்கினாலும் பலன் இல்லை. உங்கள் தாளில் இப்படிப்பட்ட பெயர்களே நிறைய இருந்தால் பணம் சேர்த்துப் புதிதாக வாங்குவதுதான் சரி.

படி 2: எட்டாவது தலைமுறை, அதற்குக் கீழே வேண்டாம்

முதல் எண் 8. இன்டெல் பிராசசரின் எட்டாம் தலைமுறை. 'ஐ5-8500' என்று ஸ்டிக்கரிலோ சிஸ்டம் விவரத்திலோ இருக்கும். இப்படி நாலு இலக்க எண்ணாக இருந்தால், கோடுக்கு அடுத்த இலக்கம்தான் தலைமுறை. 'ஐ5-6500' என்றால் ஆறாம் தலைமுறை. அது மூன்று, நாலாயிரம் மலிவாகக் கிடைக்கும், கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள்.

காரணம் வேகம் மட்டுமல்ல. ஐ5-6500-இல் 4 கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் தனித்தனி மூளை), ஐ5-8500-இல் 6 கோர், அது ஒரு பக்கம். பெரிய விஷயம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது எட்டாம் தலைமுறையிலிருந்துதான். இன்னொன்று, விண்டோஸ் 11-இல் வாலரண்ட் திறக்க டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் வசதி) இரண்டும் வேண்டும். அந்தக் கேமின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட் இதைக் கண்டிப்பாகச் சோதிக்கும். இல்லையென்றால் வேன் 9001 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடும்.

கடையில் கேட்க வேண்டிய மாடல்கள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4. லெனோவா திங்க்சென்டர் எம்720எஸ். ஒரே மாடல் பெயரில் பல அளவில் பெட்டி வரும். கையில் அடங்கும் டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் கிராஃபிக்ஸ் கார்டு செருக வழியில்லை. 'எஸ்எஃப்எஃப்' என்ற நடு அளவு, அல்லது உயரமான டவர், இதில் ஒன்றை எடுங்கள். டவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 3: கடையிலேயே பயாஸைத் திறந்து பாருங்கள்

பயாஸ் என்பது விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் அடிப்படை செட்டிங். இந்தப் படியைத் தவறவிட்டுத்தான் நான் மாட்டினேன். முதல் தடவை வாங்கிய பெட்டியில் விண்டோஸ் ஜோராக ஓடியது. வீட்டுக்கு வந்து வாலரண்ட் போட்டால் 9001. சரி, செக்யூர் பூட்டை ஆன் செய்வோம் என்று பயாஸுக்குள் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. பழைய கம்பெனியின் ஐடி ஆள் போட்ட பூட்டு. போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப பஸ். கடைக்காரர் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு வேறு பெட்டி கொடுத்தார்.

இரண்டாவது தடவை, "அண்ணே, பயாஸ் உள்ளே போய்க் காட்டுங்க" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு தம்பி, விண்டோஸ்தான் ஓடுதே?"

"ஓடுது, இருந்தாலும் காட்டுங்க."

காட்டத்தான் செய்வார்கள். ஆன் செய்தவுடன் டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே போனதும் பாஸ்வேர்ட் கேட்காமல் செட்டிங்கை மாற்ற விடுகிறதா, டிபிஎம் ஆனில் இருக்கிறதா, செக்யூர் பூட் ஆன் ஆகிறதா, மூன்றையும் பாருங்கள். சில கடைகளில் பழைய 'லெகசி' முறையில் விண்டோஸ் போட்டிருப்பார்கள். அதில் செக்யூர் பூட் வேலை செய்யாது. யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் மறுபடி போட்டுத் தரச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலை, அங்கேயே நின்று வாங்கிவிடுங்கள்.

அப்புறம் மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தூசி பரவாயில்லை, துரு இருந்தால் வேண்டாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் கொண்டுபோனால் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆயுள் எவ்வளவு பாக்கி என்று ஒரே திரையில் தெரியும். கையெழுத்தில் எழுதிய பில்லாக இருந்தாலும் தேதி போட்டு வாங்குங்கள்.

படி 4: ராம்

16 ஜிபி வேண்டும். 8 ஜிபி குச்சி இரண்டாக இருப்பது, 16 ஜிபி குச்சி ஒன்றாக இருப்பதைவிட நல்லது. இரண்டு குச்சி இருந்தால் பிராசசர் இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் படிக்கும். கார்டு வாங்கும் வரை பிராசசருக்குள் இருக்கும் யுஎச்டி 630 கிராஃபிக்ஸிலேயே விளையாடப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏனென்றால் அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும்.

2025 கடைசியில் ராம் விலை எகிறிவிட்டது. அதனால் தனியாக வாங்குவதைவிட, உள்ளேயே 16 ஜிபி இருக்கும் பெட்டியைப் பேரம் பேசி வாங்குவது இப்போதைக்கு லாபம்.

படி 5: கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது 75

இரண்டாவது எண் வந்துவிட்டது. மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம்தான் தரும். பெரிய கார்டுகளுக்கு இது போதாது, பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் போக வேண்டும். ஆபீஸ் பெட்டியில் அந்த ஒயரே இருக்காது. எஸ்எஃப்எஃப் பெட்டியின் பவர் சப்ளை மொத்தமே 200 வாட் அளவில்தான் இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அதற்குள் நுழையவும் நுழையாது. ஆக, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு மட்டுமே.

அந்தப் பட்டியல் சின்னது. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 சரியாக 75 வாட், 4 ஜிபி. செகண்ட் ஹேண்டில் என் முதல் தேர்வு இதுதான். இதிலும் ஒயர் கேட்கும் மாடல்கள் உண்டு. கார்டின் ஓரத்தில் 6 முள் சாக்கெட் இருந்தால் எடுக்காதீர்கள். புதிதாக வாங்க வசதி இருந்தால் 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல், 70 வாட். அதே பெயரில் 8 ஜிபி மாடலும் இருக்கிறது, அது கூடுதல் மின்சாரம் இழுக்கும், குழம்ப வேண்டாம். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான். ஆனால் அது மதர்போர்டோடு நாலே நாலு பாதையில் பேசும் கார்டு. நம் பழைய மதர்போர்டின் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் (இது ஸ்லாட்டின் தலைமுறை, பிராசசருடையது அல்ல) வேகம் குறையும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவுதான், ஆனால் அந்த வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருளை) அதைத் தயாரிக்கும் என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது.

எஸ்எஃப்எஃப் பெட்டி என்றால் 'லோ புரொஃபைல்', அதாவது பாதி உயரக் கார்டு வேண்டும். கார்டோடு குட்டைப் பட்டையும் (கார்டைப் பெட்டியின் பின்பக்கம் பிடித்து நிறுத்தும் தகடு) வருகிறதா என்று கேளுங்கள். முழு உயரப் பட்டையை மாட்டிக்கொண்டு வரும் கார்டைப் பெட்டிக்குள் நிறுத்த முடியாது. கார்டின் தடிமனையும் பாருங்கள், இரண்டு ஸ்லாட் இடத்தை அடைக்கும் கார்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்க வேண்டும்.

போலிகளும் சுற்றுகின்றன. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கார்டின் பயாஸை மாற்றி '1050 டிஐ' என்று பெயர் காட்ட வைப்பார்கள். விண்டோஸும் அந்தப் பெயரை அப்படியே நம்பும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இப்படிப்பட்ட பல கார்டுகளை அது போலி என்று பெயருக்கு முன்னாலேயே போட்டுக் காட்டிவிடும். பணம் கொடுக்கும் முன் இதைத் திறக்க விடாத ஆளிடம் வாங்காதீர்கள்.

மாட்டுவது ஐந்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தினால் மீதி மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை நீள ஸ்லாட்டில் நேராக வைத்து அழுத்துங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். முதல் தடவை எனக்குப் பயமாகத்தான் இருந்தது, கொஞ்சம் பலம் கொடுக்கலாம்.

மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் அல்ல, கார்டில். என் நண்பன் ஒருவன் ஒரு வாரம் "ஏமாத்திட்டான்டா, பழைய மாதிரியேதான் ஓடுது" என்று கார்டு விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் ஒயர் பழைய ஓட்டையிலேயே இருக்கிறது. கார்டு பாவம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

படி 6: ஆன்லைன்

வீட்டில் ஆன்லைன் கேம் என்று சொன்னால் ரம்மியா என்று கேட்பார்கள். என் அம்மா கேட்டார். பணம் கட்டி ஆடுவது வேறு, இது வேறு என்று முதலிலேயே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். பின்னால் நிறைய நேரம் மிச்சமாகும்.

இணைய வேகத்தைவிட பிங் முக்கியம். நீங்கள் பட்டனைத் தட்டியது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். ஆக, போய்வர 29 மில்லிவினாடிக்குக் குறைய வழியே இல்லை, எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும். அதனால் பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுங்கள். வாலரண்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு. டோட்டா, கவுண்டர் ஸ்ட்ரைக் நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு மும்பையோடு சென்னையிலும் உண்டு. கவுண்டர் ஸ்ட்ரைக் செட்டிங்கில் அதிகபட்ச பிங் எவ்வளவு இருக்கலாம் என்று ஓர் அளவு வைக்கலாம். அதை 80-க்கு இறக்கிவிடுங்கள்.

வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் இழுங்கள். இருபது மீட்டர் கேபிள் சில நூறு ரூபாய்தான். கதவிடுக்கு வழியாகக் கொண்டுபோனால் போதும். அதற்கு வழியே இல்லையென்றால் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள்.

படி 7: கேம் வாங்குவது

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இந்தியாவுக்கு விலை ரூபாயிலேயே இருக்கிறது. வேண்டிய கேமை விஷ்லிஸ்டில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். விலை இறங்கினால் மெயில் வரும். ஜூன் கடைசியில் கோடைத் தள்ளுபடி, டிசம்பர் கடைசியில் குளிர்காலத் தள்ளுபடி, இரண்டும் பெரியவை. '75% தள்ளுபடி' என்ற பச்சைப் பட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டீம்டிபி தளத்தில் அந்தக் கேமின் இதுவரையான குறைந்த விலை தெரியும். போன தடவையும் இதே 75% தான் என்றால் அடுத்த தடவையும் வரும், அவசரமில்லை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். உங்கள் பெட்டியில் ஓடுமா என்று சந்தேகமுள்ள கேமுக்கு இதுதான் சோதனை ஓட்டம். வாங்கியதும் நேராக செட்டிங்கைத் திறந்து பாருங்கள், கதையில் மூழ்கிவிட்டால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

எபிக் கேம்ஸ் ஸ்டோர் வாரம் ஒரு கேமாவது சும்மா தரும். வியாழன் இரவு, நம் நேரம் எட்டரை மணிக்கு மாறும். அமெரிக்காவில் குளிர்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் ஒன்பதரை. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே இப்படிக் கொடுத்தார்கள். விளையாடுகிறீர்களோ இல்லையோ, எடுத்துப் போட்டு வையுங்கள். ஸ்டீமில் பாதி விலை, வேறேதோ தளத்தில் கால் விலைக்கு 'கீ' (கேமைத் திறக்கும் குறியீட்டு எண்) என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். திருட்டு கார்டில் வாங்கிய கீயாக இருந்தால் கேம் பாதியில் பறிபோகும்.

கணக்கு கேட்பவர்களுக்கு: 8 ஜிபி ராமோடு பெட்டி 12,500, இன்னொரு 8 ஜிபி குச்சி 1,600 (விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கியது), செகண்ட் ஹேண்ட் 1650 கார்டு 8,000, பழைய 22 அங்குல மானிட்டர் 3,500. மொத்தம் 25,600 ரூபாய்.

பெட்டியோடு வரும் 256 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு பெரிய கேமிலேயே நிரம்பிவிடும். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் கிடந்தால் எறியாதீர்கள், சாட்டா ஒயர் வாங்கி இதில் மாட்டுங்கள். ஸ்டீமில் கேம் பெயர் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அதில் மூவ் என்று ஒரு பட்டன் இருக்கும். முடித்த கேமை அழிக்காமல் அந்த டிஸ்க்குக்குத் தள்ளிவிடலாம். அறுபது எழுபது ஜிபியைத் திரும்ப டவுன்லோட் செய்யும் வேலை மிச்சம்.