காளிகேசம் காட்டில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துக் காளிகேசம் மழைக்காட்டில் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த பைனாகுலர் வாங்கலாம் என்பதுதான். 8க்கு 42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். ஆனால் இங்கே கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். சுசீந்திரம் தேரூர் குளத்தில் பறவை கண்முன்னே நிற்கும். காட்டுக்குப் போகும் வழியில் உள்ள கீரிப்பாறையைத் தாண்டிவிட்டால் இலைதான் தெரியும், பறவை வெறும் குரலாகத்தான் வரும்.

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், மற்ற மாதங்களில் நனைவதும் அட்டைக்கடியும் அதிகம். காடுகளில் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்கு சரணாலயம். வனத்துறை அனுமதியை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாக, விடிகாலையில், ரப்பர் பால்வெட்டுகிறவர்கள் வேலையில் இருக்கும் நேரத்திலேயே கீரிப்பாறையைக் கடந்துவிட வேண்டும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள். யானை நடமாடும் காடு இது. நான் காணி பழங்குடியைச் சேர்ந்த ஒரு அண்ணாச்சியுடன் போவேன். அவர் கையை உயர்த்தினால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். “சத்தம் கேக்கா? இப்ப நடக்காதீங்க” என்பார். அப்படி நிற்பதுதான் முழு வித்தையும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் துடுப்புவால் கரிச்சான் குரல் கொடுக்கும். அதன் பின்னால் மின்சிட்டு, மரங்கொத்தி, ஈப்பிடிப்பான் என்று ஒரு கூட்டமே மரம் மரமாக நகர்ந்து வரும். ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும். கூட்டத்தைத் துரத்தாதீர்கள், அது போகும் திசையைப் பார்த்து முன்னால் போய் நில்லுங்கள். ஓடைப் பக்கம் யாரோ மனிதர் சீட்டி அடிப்பது போலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி.

தீக்காக்கை நடுமட்டக் கிளையில் அசையாமல் இருக்கும், பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டு. ஆணின் சிவந்த வயிறு தெரியவேண்டுமென்றால் நீங்களும் அசையாமல் இருக்க வேண்டும்.

தவளைவாயன் என்ற இரவுப்பறவை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பகலில் தாழ்ந்த கிளையில் காய்ந்த சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கும். கூட்டில் இருப்பது ஒரே முட்டை. பகலில் அடைகாப்பது ஆண், இரவில் பெண். நாம் நெருங்கிப்போய் அது பறந்துவிட்டால், அந்த ஒற்றை முட்டை வெயிலுக்கும் பாம்புக்கும் திறந்து கிடக்கும். அதனால் தூரத்தில் இருந்து ஒரே ஒரு பார்வை, ஃபிளாஷ் கூடாது, கிளையை ஒதுக்கக் கூடாது. படத்தைப் பகிரும்போது இடத்தைச் சொல்லாதீர்கள். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது சண்டைக்கு வரும்.

அத்திமரம் பழுத்திருக்கிறதா என்று அண்ணாச்சிமாரிடம் கிளம்பும்போதே கேட்டு வையுங்கள். பழுத்திருந்தால் மற்ற இடமெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே உட்காருங்கள். பெரிய அலகுள்ள இருவாட்சிப் பறவை வர வாய்ப்புள்ள இடம் அதுதான். சாப்பிட மட்டி வாழைப்பழம் கொண்டுபோகலாம், தோலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். வழிகாட்டியின் கூலியைக் கிளம்பும் முன்பே பேசி முடித்து, பறவை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முழுதாகக் கொடுங்கள்.