தூண்டில் கைப்பிடி: கார்க்கா, ஃபோமா?

முட்டுக்காட்டில் கொடுவா பிடிக்க வைத்திருக்கும் ராடின் கார்க் கைப்பிடி அங்கங்கே பொடிந்து குழி விழுந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு ஈவிஏ ஃபோம் (ரப்பர் போன்ற ஒருவகை பிளாஸ்டிக் நுரை) போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. மீன் லேசாகத் தட்டினாலும் கார்க்கில் கைக்குத் தெரியும்; மெத்தென்ற ஃபோமில் அது கொஞ்சம் மழுங்கிவிடும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கைக் கழுவிக் காயவைத்தேன். பாட்டில் மூடி கார்க் ஒன்றை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, தண்ணீருக்குத் தாங்கும் மரப்பசையில் கெட்டியாகக் குழைத்துக் குழிகளில் அப்பினேன். பசை காய்ந்தால் சுருங்கும், அதனால் சற்று மேடாகவே வையுங்கள். மறுநாள் 220 எண் தாளில் தேய்த்தேன், அப்புறம் 400. கைப்பிடியை ஒட்டிய பிளாங்கில், அதாவது ராடின் தண்டில், டேப் சுற்றிக்கொள்வது முக்கியம், இல்லையென்றால் கீறல் விழும்.

கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. போர்ச்சுகலில் ஒருமுறை உரித்தால் அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டுகளாவது ஆகும். நல்ல கார்க் விலை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. மலிவு ராடுகளில் குழிகளைப் பசையால் நிரப்பி விற்கிறார்கள்; அந்த நிரப்பல்தான் முதலில் உதிர்கிறது.

கடற்கரைப் பாறைகளில் போட்டு எடுக்கும் பெரிய ராடுக்கு மட்டும் நான் ஃபோம்தான் வைத்திருக்கிறேன். உரசலைத் தாங்கும், மீன் ரத்தமும் கழுவினால் போய்விடும்.