மருத்துவமனையின் காலி மனையைக் குத்தகைக்கு விடும்போது எங்கே சறுக்குகிறார்கள்?

வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லண்ட் பக்கமோ ரெண்டன் பக்கமோ வீடு வாங்கியவர்கள் சொத்து வரி ரசீதைப் பார்த்தால், மருத்துவமனைக்கென்று ஒரு தொகை போயிருக்கும். கிர்க்லண்டின் எவர்கிரீன்ஹெல்த்தும் ரெண்டனின் வேலி மெடிக்கல் சென்டரும் பொது மருத்துவமனை டிஸ்ட்ரிக்டுகளைச் சேர்ந்தவை. 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சி அமைப்புகள் இவை. வாக்காளர்கள் கமிஷனர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயிரம் டாலர் சொத்து மதிப்புக்கு 75 சென்ட் வரை வழக்கமான வரி போட இவற்றுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே மருத்துவமனையை ஒட்டிக் காலியாகக் கிடக்கும் மனை வரி கட்டுகிறவர்களின் சொத்து. அதைக் குத்தகைக்கு விடுவதில் தவறில்லை. சும்மா கிடப்பதற்கு வாடகை வரட்டுமே. தவறு நடப்பது விடும் முறையில்தான்.

ஆள் கிடைத்த பிறகு தீர்மானம் எழுதுவது அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்று. இந்த மனை டிஸ்ட்ரிக்டின் பணிக்கு இப்போது தேவையில்லை என்று கமிஷனர்கள் அடங்கிய போர்டு தீர்மானம் போட்ட பிறகே குத்தகைக்கு விடச் சட்டம் இடம் தருகிறது. நிபந்தனைகளை முடிவு செய்வதில் போர்டுக்குத் தாராளமான சுதந்திரம் உண்டு. அதனாலேயே பலர் இந்தத் தீர்மானத்தைச் சடங்காக நினைத்துவிடுகிறார்கள். அவசரப் பிரிவை விரிவாக்க இடம் வேண்டுமா, கார் நிறுத்துமிடம் எத்தனை ஆண்டுக்குப் போதும் என்றெல்லாம் அலசிவிட்டு எழுத வேண்டிய தீர்மானம் அது.

எனக்குப் பெரிய கவலை காலவரம்பில்தான். மனையை எடுத்துக் கட்டடம் கட்டுகிறவர் நீண்ட காலம் கேட்பார். அவர் பக்கத்தில் அது நியாயமே. குத்தகையில் போதுமான ஆண்டுகள் மீதம் இல்லாவிட்டால் வங்கி கடன் தராது. ஆனால் ‘30 ஆண்டு, அப்புறம் பத்துப் பத்தாக இரண்டு நீட்டிப்பு’ என்று எழுதி, நீட்டிக்கும் உரிமையைக் குத்தகைதாரர் கையில் மட்டும் கொடுத்தால், டிஸ்ட்ரிக்டைப் பொறுத்தவரை அது 50 ஆண்டுக் குத்தகை. கமிஷனர்களின் பதவிக்காலமோ 6 ஆண்டுதான். கையெழுத்துப் போடுகிறவர்கள் யாரும் முடிவில் அந்த மேசையில் இருக்கப்போவதில்லை.

இதே மாநிலத்தின் எட்மண்ட்ஸில் 2010-இல் ஒரு டிஸ்ட்ரிக்ட் முழு மருத்துவமனையையே ஸ்வீடிஷ் என்ற மருத்துவ நிறுவனத்துக்கு 30 ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்டது. வெர்டன்ட் என்ற பெயரில் இயங்கும் அந்த டிஸ்ட்ரிக்டுக்கு அந்த வாடகை முக்கியமான வருமானம். இப்படி வாடகையை நம்பி இருக்கும்போது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் கனம் கூடிவிடுகிறது.

காலிமனை விஷயத்தில் நான் முதலில் தேடும் வரிகள் சில உண்டு. வாடகை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுமதிப்பீட்டின்படி ஏறுகிறதா, இல்லை முதல் நாள் தொகையிலேயே நிற்கிறதா? நடுவில் மருத்துவமனைக்கே இடம் தேவைப்பட்டால் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா, இழப்பீட்டுக் கணக்கு எழுதியிருக்கிறதா? குத்தகைதாரர் தன் குத்தகை உரிமையை அடகு வைக்கலாம், சரி. டிஸ்ட்ரிக்டின் நிலத்தையே அவருடைய கடனுக்கு ஈடாக்கும் விதி எங்காவது ஒளிந்திருக்கிறதா? கடைசியில் கட்டடம் யாருக்கு, இடிக்க வேண்டியிருந்தால் செலவு யாருடையது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டால் பாழடைந்த கட்டடம் ஒன்று வரி கட்டுகிறவர்கள் தலையில் வந்து விழும்.

மூடிய கதவுக்குள் பேசுவதற்கும் எல்லை உண்டு. வெளியே தெரிந்தால் விலை குறையும் என்ற நிலையில், குறைந்தபட்ச வாடகை எவ்வளவு என்பதை மட்டும் தனியாகப் பேசலாம். இறுதி முடிவு பொதுக்கூட்டத்தில்தான். இதே மாநிலத்தில் உள்ள (கனடாவில் அல்ல) வான்கூவரின் துறைமுக அமைப்பு எண்ணெய் முனையத்துக்கு நிலம் விட்டபோது இந்த விலக்கை அகலமாக எடுத்துக்கொண்டது. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. துறைமுகத்துக்கான அதே திறந்த கூட்டச் சட்டம்தான் மருத்துவமனை டிஸ்ட்ரிக்டுக்கும்.

நல்ல காரியம் என்று அடிமாட்டு வாடகைக்குக் கொடுப்பதும் ஆபத்து. பொதுச் சொத்தைத் தனியாருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது என்கிறது மாநில அரசியலமைப்பின் 8ஆம் பகுதி, 7ஆம் பிரிவு. ஏழைகளுக்கும் நலிந்தவர்களுக்கும் செய்யும் அவசிய உதவிக்கு விலக்கு உண்டு. மற்ற இடங்களில் வாடகைக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். குத்தகைக்கு எடுப்பவர் அந்த மருத்துவமனைக்கு நோயாளிகளை அனுப்பும் டாக்டராக இருந்தால் இன்னும் சிக்கல். ஸ்டார்க் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம் எழுத்து ஒப்பந்தம், குறைந்தது ஓராண்டுக் காலம், முன்கூட்டியே நிர்ணயித்த சந்தை வாடகை எல்லாம் கேட்கிறது. அனுப்பும் நோயாளிகளின் எண்ணிக்கையோடு வாடகை முடிச்சுப் போட்டிருக்கக் கூடாது. மீறினால் அந்த டாக்டர் அனுப்பியவர்களுக்காக மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டிடம் வாங்கிய பணத்தை மருத்துவமனை திருப்பித் தர வேண்டிவரும்.

வரியும் மறந்துபோகும். பொது நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் தனியார் சொத்து வரிக்குப் பதிலாக வாடகையில் 12.84 சதவீதம் குத்தகை வரி கட்ட வேண்டும். அதை வசூலித்து மாநில வருவாய்த் துறைக்கு அனுப்புவது டிஸ்ட்ரிக்டின் வேலை.

கலிஃபோர்னியாவில் கதை வேறு. அங்கே 2024-இலிருந்து, உபரி நிலத்தில் கட்டவோ இடிக்கவோ போகும் குத்தகை 15 ஆண்டைத் தாண்டினால் உபரி நிலச் சட்டம் குறுக்கே வரும். மலிவு வீடு கட்டுகிறவர்களுக்கு முதலில் அறிவிக்க வேண்டும். நீட்டிப்பு உரிமைகளையும் சேர்த்தே அந்த 15-ஐ எண்ணுகிறார்கள்.

இன்னொன்று, மனையை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வரிவிலக்குள்ள கடன் பத்திரத்தில் வாங்கியிருந்தால், அந்தப் பணத்தில் தனியார் உபயோகத்துக்கு 10 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. தாண்டினால் பத்திரத்தின் வரிவிலக்கே ஆட்டம் காணலாம். அதற்கான வக்கீலை வரைவு நிலையிலேயே கூப்பிட்டுவிடுவது நல்லது. கையெழுத்தான பிறகு அவரால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.