காந்தம் ஒட்டாத கத்தி: கத்தி வியாபாரத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

புதுச்சேரியிலும் கடலூரிலும் சொந்த பிராண்டில் கத்தி போட ஆசைப்படுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பெயர், பெட்டி, இன்ஸ்டாகிராம் படம் எல்லாம் தயாராக இருக்கும், என்ன ஸ்டீல் என்று கேட்டால் மட்டும் "எஸ்.எஸ். தான் சார்" என்பார்கள், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் எவர்சில்வர். ஆரம்பத்தில் நாங்கள் விழுந்து எழுந்த பள்ளங்களிலேயே வரிசையாக வந்து விழுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆடுகிற பிடி, கோணல் முனை மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன், அதை வாங்குகிறவரே சொல்லிவிடுவார்.

பாத்திரக்கடை ஸ்டீலில் கத்தி போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். எவர்சில்வர் பாத்திரம் வாங்கப் போனால் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு. பாத்திரத்துக்கு அது ஓரளவு சரி. 304 என்கிற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், காந்தம் அநேகமாக ஒட்டாது, துருவும் லேசில் பிடிக்காது. அதே கணக்கைக் கத்திக்கும் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அங்கேதான் கெடுகிறது.

கத்திக்கு முதலில் பார்க்க வேண்டியது கார்பன், ஸ்டீல் கடினமாவது அதனால்தான். 304ல் அது 0.08 சதவீதத்தைத் தாண்டாது. எவ்வளவு காய்ச்சி எதில் தோய்த்தாலும் அந்த ரகம் கடினமாகாது, அதன் அமைப்பே அப்படி.

சேதராப்பட்டு பக்கம் ஒரு தம்பி, நல்ல உழைப்பாளி. "ஃபுட் கிரேடு" என்ற ஒரு வார்த்தையை நம்பி 304 தகடு வாங்கி, லேசரில் வெட்டி, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, ரிசார்ட் சமையலறைகளுக்கும் ஆன்லைனிலும் கொடுத்துவிட்டார். முதல் நாள் தக்காளி அழகாக நறுக்கியது. எந்தத் தகட்டைத் தீட்டினாலும் முதல் நாள் நறுக்கும்! ஒரு வாரத்தில் சமையல்காரர்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். இவர் சாணை பிடித்தவரைத் திட்டிவிட்டு, வெட்டு விளிம்பில் பக்கத்துக்கு 20 டிகிரி இருந்த கோணத்தை 15 ஆக்கினார். மென்மையான ஸ்டீலில் விளிம்பு மெலிந்தால் இன்னும் சீக்கிரம் மடங்கும், அதுதான் நடந்தது. கடைசியில் அம்பத்தூரில் ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கும் வேலை, செய்கிற இடத்துக்கு மூட்டை கட்டிக் கொண்டுபோனார், ரகத்தைக் கேட்டதுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொத்தமும் பழைய இரும்புக் கணக்கில் எடைக்குப் போனது. இதில் யாரும் அவரை ஏமாற்றவில்லை: தகடு அசல் 304, வெட்டு சுத்தம், பாலிஷ் பிரமாதம். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகம்.

சரி, காந்தம் ஒட்டினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. 430 என்கிற இன்னொரு எவர்சில்வர் ரகத்தில் நன்றாகவே ஒட்டும், ஆனால் கார்பன் 0.12 சதவீதத்துக்குள்தான், கத்திக்கு உதவாது. காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டு ரகத்தின் பெயரைக் கேளுங்கள். மலிவு விலைக் கத்திக்கு 420ஜே2. அதற்கு மேல் 1.4116: கார்பன் அரை சதவீதம், குரோமியம் 15க்குப் பக்கம், சரியாகக் கடினப்படுத்தினால் ராக்வெல் என்கிற கடினத்தன்மை அளவில் 55, 56 வரும், ஐரோப்பிய சமையலறைக் கத்திகளில் நிறையப் பார்க்கலாம். விலை கொடுப்பவர்களுக்கு 440சி: கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி, ராக்வெல் 58க்கு மேல். இவை எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும். அதைப் பெட்டிக்குள் போடும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் போலிச் சரக்கு என்று போன் வரும்.

தகட்டோடு மில் டெஸ்ட் சர்டிபிகேட் (தகட்டில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஆலை தரும் சான்று) வாங்குங்கள், சந்தேகம் என்றால் கலவையை நேரடியாக அளக்கும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட். அப்புறம் ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் காய்ச்சிய தொகுதிக்கும்) ஹார்ட்னெஸ் ரிப்போர்ட். சாதா கார்பன் ஸ்டீலை உலையில் நிறம் பார்த்தே 800 டிகிரிக்குக் கொண்டுவரும் ஆசாரிகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸுக்கு 1000 டிகிரிக்கு மேல் ஏற்றி, அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். கரி உலையில், கண் கணக்கில், லாட் முழுக்க ஒரே மாதிரி அது வராது.

லாரிப் பட்டை

லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள் அருமையானது. பண்ருட்டியில் பலாவுக்கும் நெல்லிக்குப்பத்தில் கரும்புக்கும் எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், ஒரு பட்டை போல இன்னொன்று இருக்காது. ஒரே தரத்தில் ஆயிரம் கத்தி போட வேண்டுமென்றால் புதுப் பட்டை வாங்குங்கள். கடற்காற்றில் இந்த மாதிரி கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். பிரான்ஸின் ஒபினெல் கத்தி 1890ல் தொடங்கியது. இன்றும் ஒரே வடிவத்தைக் கார்பனிலும் ஸ்டெயின்லெஸ்ஸிலும் தருகிறார்கள், எது வேண்டும் என்பது வாங்குகிறவர் பாடு. பதினைந்து வடிவத்தோடு கடை திறப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

மீன்காரம்மாவுக்குக் கத்தி வடிவமைப்பது

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கோ தேங்காய்த்திட்டுக்கோ போய்ப் படம் எடுத்துவிட்டு வந்து, மீனில் முள்ளை விட்டுச் சதையை எடுக்கும் வளைந்த மெல்லிய ஃபில்லெட் கத்தி ஒன்றை வரைந்துவிடுகிறார்கள். மீன்காரம்மாக்கள் ஏன் அருவாமனையை விடுவதில்லை என்று ஒருமுறை நின்று பாருங்கள். அலகு தரையில் நிற்கிறது, அதனால் வழுக்குகிற மீனைப் பிடிக்க இரண்டு கையும் கிடைக்கிறது. கைக்கத்தி அதில் ஒரு கையைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் கூட்டத்துக்கு விற்க வேண்டுமென்றால் நல்ல ஸ்டீலில் அருவாமனை போடுங்கள், கழற்றி மாட்டும் அலகோடு. ஃபில்லெட் கத்தி ஹோட்டலுக்குப் போகட்டும்.

கனமாக இருந்தால் தரம் என்பது

காய் நறுக்க 2 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு போதும். 3 மில்லிமீட்டர் தகட்டை வெட்டு விளிம்பு வரை மெலிய விடாமல் வைத்தால் கேரட் நறுக்காது, பிளக்கும்.

பிடி

மரம் இந்த ஊர் ஈரத்தில் ஊதும், சுருங்கும். இடுக்கில் மீன் தண்ணீர் போய்விட்டால் நாற்றம் போகாது. மீனுக்கும் கறிக்கும் பிளாஸ்டிக் பிடி. மரப்பிடி என்றால் நன்றாகக் காய்ந்த மரம், பிடியை இறுக்கும் ரிவெட் ஆணி இரும்பில் கூடவே கூடாது. அந்த 304ஐ இங்கே பயன்படுத்துங்கள், ரிவெட்டுக்கு அருமை.

டமாஸ்கஸ் வரி

இரண்டு ஸ்டீலை அடுக்கடுக்காகச் சேர்த்து அடித்தால் அலகில் வரும் அலை அலையான கோடுதான் இந்த வரி. அசலா என்று பார்க்க, தேய்த்துவிட்டு மறுபடி ஆசிட் வையுங்கள். வரி திரும்பி வராவிட்டால் அது லேசரில் மேலே போட்ட கோடு.

சினிமாக் கத்தி

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வரும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று வடிவமைத்தவைக்குத்தான் விலக்கு. முதுகில் ரம்பப்பல் வைத்துக் கறுப்புப் பூச்சும் அடித்துவிட்டு, இது வெங்காயம் நறுக்க என்று ஸ்டேஷனில் சொல்லிப் பாருங்கள்.

தோல் உறை

உறைக்குள் போட்டே ஸ்டாக் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் தடவித் தாளில் சுற்றி வையுங்கள், உறையைத் தனியாகக் கொடுங்கள்.